ஆவி படிந்த ஜன்னல்

மாந்துவாவிடம் சளிக்கு இலை கேட்டுப் போகிறவர்கள் முதலில் போர்வையைக் கழற்ற வேண்டும். எங்கள் மலையில் அது சின்ன விஷயம் இல்லை. கோடையில்கூடப் போர்வை இல்லாமல் வாசலைத் தாண்டாத ஊர் இது. பனி விழுந்து குதிரைகளின் முதுகு வெளுத்துக் கிடக்கும், எங்களுக்கு நடுக்குளிர்காலமான ஜூன் மாதத்தில், மார்பில் ஊக்கு குத்தி இறுக்கிய கம்பளியைக் கழற்று என்றால் யாருக்குப் பிடிக்கும்?

"சட்டையையும் தூக்குங்க ந்தாதே," என்பாள் அவள், வந்தவர் தகப்பன் வயதுக்காரராக இருந்தாலும். எங்கள் பேச்சில் ந்தாதே என்றால் ஐயா.

"மூக்குதானே ஒழுகுது? நெஞ்சை எதுக்குப் பாக்கற?"

"மூக்கு இங்கேர்ந்தே தெரியுது. நெஞ்சுதான் மறைஞ்சிருக்கு."

"என் பொண்டாட்டிகூட இவ்வளவு ஆசைப்பட்டதில்ல."

"அவங்க பாத்துச் சலிச்சிருப்பாங்க. தூக்குங்க, எனக்கும் குளிருது."

மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே போகிறதா என்று பார்ப்பாள். முதுகில் காதை வைத்துக் கேட்பாள். அதற்குப் பிறகுதான், தேவை என்று தோன்றினால், லெங்கானா.

லெங்கானா எங்கள் மாட்டுப்பட்டிச் சுவர் ஓரமெல்லாம் தானாக முளைக்கிற செடி. சாம்பல் பூத்த பச்சை. கிள்ளினால் கசப்பு மணம் விரலை விட்டுப் போகாது. இலையைச் சுருட்டி மூக்கில் செருகிக்கொள்ளலாம். கொதிக்க வைத்து, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடி, ஆவி பிடிக்கலாம். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கவும் செய்யலாம். குளிர்காலத்தில் ஊரில் பாதிப் பேர் ஒரு மூக்கில் இலையோடுதான் நடமாடுவார்கள், தேவாலயத்தில் பாடும்போதுகூட. எடுத்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் மாந்துவாவிடம் வந்தார்கள். காரணம், ஊர்க்கூட்டம் கூடிச் சுகாதார வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. மருத்துவ நிலையம் ஆற்றுக்கு அப்பால், குதிரையில் அரை நாள் தூரம். யார் அரை நாள் போக வேண்டும், யாருக்கு இலை போதும் என்று பிரித்துச் சொல்வதுதான் அவள் வேலை.

அவளைப் பெரிய அறிவாளி என்று சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் எங்கே முடிகிறது என்று தெரிந்து வைத்திருந்தாள். பயிற்சிக்குப் போன இடத்தில் இலையே வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றார்கள். ஊர்க்காரர்களோ, இலை இருக்க ஆற்றை எதற்குக் கடக்க வேண்டும் என்றார்கள். இரண்டையும் அவள் ஏற்கவில்லை. "இலை மூக்கத் திறக்கும். தொண்டைக்கு இதம். ராத்திரி தூக்கம் வரும். நெஞ்சுக்குள்ள எறங்கினத அது தொடாது. தொட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான்," என்பாள். கர்ப்பிணிகளுக்கு ஓர் இலையும் தர மாட்டாள். கைக்குழந்தை இருக்கும் அறையில் பானையை வைக்க விட மாட்டாள். ஒரு மாதம் முழுக்க இருமியவனை, ஆவி பிடித்ததும் தேவலை என்று அவன் எவ்வளவு சொன்னாலும், குதிரையில் ஏற்றிவிடுவாள்.

ஊரையே போர்வை கழற்ற வைத்தவளால் ஒருவனை மட்டும் கழற்ற வைக்க முடியவில்லை. அவள் புருஷன் மோதெபாங்.

மோதெபாங் என்னோடு மாடு மேய்த்தவன். எல்லை தாண்டிப் போய்த் தங்கச் சுரங்கத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு இருமலோடு திரும்பி வந்தான். தூசி ஒட்டிக்கொண்டது, காற்று மாறினால் போய்விடும் என்றான். காலையில் அவனே இலை பறித்து வந்து, அவனே கொதிக்க வைத்து, போர்வைக்குள் புகுந்துகொள்வான். வெளியே வரும்போது முகம் சிவந்து, கண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டிருப்பான்.

"பாத்தியா? தெறந்துக்கிச்சு."

"தெறந்தது மூக்கு. நெஞ்சக் காட்டு, நான் ஒரு தடவ பாத்துக்கறேன்."

"ஊரையே உரிச்சுப் பாக்கற. என்னையாவது விட்டு வையேன்."

"சீட்டு எழுதித் தர்றேன். நர்ஸ்கிட்டக் காட்டிட்டு வா."

"இது வேல செய்யுதுடி. வேல செய்யறத விட்டுட்டு எதுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் போகணும்?"

அவன் பொய் சொல்லவில்லை. இலை வேலை செய்தது. ஒவ்வொரு காலையும் அவனுக்கு அரை நாள் நல்ல மூச்சைக் கொடுத்தது. ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தால் முதல் குளிர்காலத்திலேயே பயந்து ஆற்றைக் கடந்திருப்பான். இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு பொருளால் நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு என்று கேட்கிறோம், தனித்தனியாக இரண்டு தட்டில் வைத்துப் பார்க்கலாம் என்பது போல. மோதெபாங்கின் விஷயத்தில் இரண்டாவது தட்டே இல்லை. அவனைக் கொண்டுபோனது அந்த நன்மைதான்.

சோளம் அறுக்கிற சமயத்தில் இறந்தான். மாந்துவாவுக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள்.

கறுப்பு போர்த்தியவள் கல்யாணத்துக்குப் போகக் கூடாது. கூட்டத்தில் முன்னால் உட்காரக் கூடாது. சூரியன் மலையைத் தொடும் முன் தன் வீட்டுக்குள் இருக்க வேண்டும். முக்கியமாக, கூரையில் நாணல் செருகிய வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. நாணல் என்றால் உள்ளே பிள்ளை பெற்றவள் இருக்கிறாள் என்று அர்த்தம். குழந்தையின் அப்பனே அங்கே நுழைய முடியாது. சாவின் நிழலைச் சுமந்துகொண்டு ஒருத்தி நுழைந்தால் பச்சைக் குழந்தை தாங்காது என்பது எங்கள் எண்ணம். மாந்துவாவும் எங்களில் ஒருத்திதான். அவளும் பாதி நம்பினாள். மீதிப் பாதியில், நம்புகிறவர்களை மதித்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் செகோவின் வீட்டில் நாணல் ஏறியது.

செகோவின் மனைவியை ஊருக்குள் அழைத்து வந்த நாளிலேயே மாபாலேசா என்று பெயர் வைத்திருந்தார்கள். பாலேசாவின் அம்மா. பிள்ளை வரும் முன்பே பிள்ளையின் பெயரால் மருமகளை அழைப்பது எங்கள் வழக்கம். அதனால் பெண் பிறந்ததும் பெயர் தயாராகக் காத்திருந்தது. பெண் என்றால் அப்பன் தலையில் தண்ணீர் ஊற்றித்தான் சேதி சொல்வார்கள். உறைபனிக் காலையில், பட்டியில் நின்றிருந்தவன்மேல் பெண்கள் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். செகோ நாள் முழுக்கத் தும்மினான்.

"என்னப்பா, பொண்ணு இன்னும் மூக்கு வழியா வந்துக்கிட்டிருக்காளா?" என்று கேட்டேன்.

"இன்னும் நாலு பொண்ணு பொறக்கட்டும், ந்தாதே. மூக்கு போனாப் போகுது," என்றான்.

அவன் தும்மல் நின்றது. உள்ளே மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் அம்மாவுக்குத் தும்மல் வந்தது. அவள் மூக்கில் இலையைச் செருகிக்கொண்டு, அடுப்பில் லெங்கானாப் பானையை ஏற்றினாள். பிறகு குழந்தைக்கு மூக்கு அடைத்தது.

செகோ சுவருக்கு வெளியே உட்கார்ந்து குழந்தையின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு மாந்துவாவின் வாசலில் வந்து நின்று, அம்மா என்கிற மரியாதையோடு கூப்பிட்டான்.

"ம்மே, வாசல் வரைக்கும் வாங்க. உள்ள வரச் சொல்லல. எங்கம்மா நல்லாயிருக்குங்கறாங்க. எனக்கு அந்தச் சத்தம் புடிக்கல."

அவள் கறுப்பைத் தலையில் இழுத்துக்கொண்டு அவனோடு நடந்தாள். நடந்ததை அவள் என் மனைவியிடம் பிறகு சொன்னாள். ஒரு தடவைதான் சொன்னாள்.

கல்வீட்டின் சின்ன ஜன்னல் முழுக்க ஆவி வெள்ளையாகப் படிந்திருந்தது. கூரைப் புல்லின் இடுக்குகளில் லெங்கானா மணம் கசிந்தது. அவள் கண்ணாடியைத் தட்டினாள்.

"யாரு?" செகோவின் அம்மாவின் குரல்.

"நான்தான், மாந்துவா."

"அங்கேயே நில்லுங்க ம்மே. நாணல் வெச்சிருக்கு."

"தெரியும். உள்ள வரல. பாப்பாவ ஜன்னல்கிட்டக் கொண்டு வாங்க. துணிய எடுத்துட்டு நெஞ்சக் காட்டுங்க."

"இந்தக் குளிர்லயா? பச்ச உடம்பு!"

"நாலு மூச்சு பாத்தாப் போதும்."

உள்ளே ஒரு நிழல் நகர்ந்து வந்தது. மாந்துவா கறுப்பின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தாள். ஈரம் உள்பக்கம் இருந்தது. "உள்ள தொடைங்க," என்றாள். ஒரு கை வட்டமாகத் துடைத்தது. அந்த வட்டத்தில் ஒரு சின்னக் கன்னம் தெரிந்தது, மூடிய ஒரு கை தெரிந்தது. துணியை அவிழ்ப்பதற்குள் ஆவி மறுபடி படிந்துவிட்டது. மறுபடி துடைத்தார்கள். மறுபடி படிந்தது.

"அந்தப் பானைய மொதல்ல எறக்குங்க!"

"அது இருக்கறதாலதான் மூச்சு விடறா. ஊருக்கெல்லாம் இதத்தானே குடுக்கறீங்க? போன வருஷம் எனக்கே குடுத்தீங்களே!"

"உங்களுக்குக் குடுத்தேன். பாப்பாவுக்குக் குடுக்கச் சொல்லல. வாயில ஏதாவது ஊத்தினீங்களா?"

"ஊத்தல. நாக்குல ஒரு சொட்டு தடவினேன்."

"இனிமே வேண்டாம். மாபாலேசா, பால் குடிக்கிறாளா?"

"குடிக்கிறா, குடிக்கிறா," என்றாள் மாமியார். "இப்பத்தான் தூங்கினா. காலைல போட்ட சத்தம்கூட இப்ப இல்ல."

மாபாலேசாவின் குரல் வரவில்லை. மாமியார் பதில் சொன்ன கேள்விக்கு மருமகள் இன்னொரு பதில் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. மாந்துவாவும் ஒரு காலத்தில் அப்படி வாய் மூடி உட்கார்ந்திருந்தவள்தான். அதனால் அந்த மௌனம் அவளுக்குப் புதிதாகப் படவில்லை.

கண்ணாடியில் காதை வைத்தாள். மூக்கடைத்த மூச்சின் கொரகொரப்பு கேட்டது. அதற்கு அடியில் வேறு ஏதாவது இருந்ததா? பானை கொதிக்கும் சத்தம் இருந்தது. காதுக்கு எட்டியது மூக்குதான். நெஞ்சைப் பற்றி அவளுக்குக் கண்தான் எப்போதும் சொல்லும், கண்ணுக்கோ எதிரே ஒரு வெள்ளைச் சுவர்.

ஜன்னலை விட்டுக் கதவுக்கு வந்தாள். பழைய பலகைக் கதவு. உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

"என்ன பண்றீங்க ம்மே?" என்றான் பின்னாலிருந்து செகோ. தடுக்கிற குரல் இல்லை அது. தள்ளச் சொல்லும் குரலும் இல்லை.

தள்ளினால் என்ன ஆகும் என்று அவள் யோசித்தாள். வெறும் மூக்கடைப்பாக இருந்தால், தானாகவே இரண்டு நாளில் சரியாகிவிடும். அதற்காகக் கறுப்போடு உள்ளே போனவள் என்ற பேச்சு மட்டும் மிஞ்சும். நெஞ்சாக இருந்து, ஆற்றுக்குப் போகும் வழியில் ஏதாவது ஆகிவிட்டால், கொன்றது கறுப்பு என்பார்கள். அதற்குப் பிறகு இந்த மலையில் எந்த வீடும் அவளுக்குத் திறக்காது. அடுத்த குளிர்காலத்தில் இருமப்போகிற குழந்தைகளை யார் பார்ப்பது? ஒவ்வொன்றும் நியாயமான யோசனை. அவள் தன்னைப் பற்றி மட்டும் யோசித்தாள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவள் நிறுத்துப் பார்த்த எல்லாமே கதவுக்கு வெளியே இருந்தவை. உள்ளே இருந்த ஒன்றை நிறுக்க அவளுக்கு வழி கிடைக்கவில்லை.

சூரியன் எதிர் மலையின் உச்சியை நெருங்கியது. அவள் கையை எடுத்தாள்.

"பானைய வெளிய கொண்டு வந்து வெச்சுடுங்க," என்று பலகையைப் பார்த்துச் சொன்னாள். "பாப்பாவ அம்மா நெஞ்சோட, தோலோட தோல் ஒட்டற மாதிரி வெச்சிருங்க. பால் குடிக்கலன்னா விடியக் காத்திருக்க வேண்டாம், செகோ, குதிரைய எடு."

"சரி ம்மே," என்றது மாமியாரின் குரல்.

அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

விடிந்ததும் குதிரைச் சத்தம் கேட்டு நாங்கள் வெளியே வந்தோம். செகோ போர்வைக்குள் எதையோ அணைத்துக்கொண்டு, சேணம்கூடச் சரியாகக் கட்டாமல், ஆற்றுப்பக்கம் விரட்டிக்கொண்டு போனான். மாந்துவா தன் வாசலில் நின்று பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தான். குதிரை நடந்து வந்தது. அவன் பக்கத்தில் நடந்தான், போர்வை சேணத்தின்மேல் மடித்துக் கட்டியிருந்தது. அதை அவன் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தான்.

ஆற்றைத் தாண்டும்போதே உயிர் போயிருக்கலாம் என்றாளாம் நர்ஸ். சளி நெஞ்சில் இறங்கி இரண்டு நாளாவது ஆகியிருக்கும் என்றாளாம்.

"இலையாலயா?" என்று செகோ கேட்டிருக்கிறான்.

"இலை ஒண்ணும் பண்ணியிருக்காது. சத்தத்த வேணா கொஞ்சம் கொறச்சிருக்கும்."

நர்ஸுக்கே அது நிச்சயமாகத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. நாக்கில் தடவிய சொட்டா, அறையில் அடைந்த ஆவியா, கிழவியின் தும்மலா, ஒரு நாள் தாமதமா? பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. குழந்தையைப் பெண்கள் மட்டும் சேர்ந்து புதைத்தார்கள். கறுப்பில் இருந்ததால் மாந்துவா அங்கேயும் போக முடியவில்லை.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். கிணற்றடியிலும் பட்டியிலும் ஒரே பேச்சு: "மாந்துவா ஒழுங்கா நடந்துக்கிட்டா. கறுப்போட உள்ள போகல. போயிருந்தா நாம என்ன சொல்லியிருப்போம்?" அடுத்த ஊர்க்கூட்டத்தில் தலைவர் எழுந்து, வழக்கம் அறிந்த பெண் என்று அவளைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். பின்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள்.

"பாராட்டாதீங்க, ந்தாதே. நான் பாக்கல."

"என்னம்மா பாக்கல?"

"பாக்கல," என்று திரும்பச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தலைவர் மேய்ச்சல் நிலத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

துக்க காலம் முடிந்து கறுப்பை எரித்தார்கள். அடுத்த குளிர்காலம் வந்தது. ஊர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனது. அவள் இலை கொடுத்தாள். நெஞ்சுகளை முன்னைவிட நீண்ட நேரம் பார்த்தாள். பொண்டாட்டிக் கேலியை எடுத்தவர்களுக்குப் பதில் கேலி கிடைக்காததால் கேலியும் குறைந்துபோனது.

ஒருநாள் மாபாலேசா வந்தாள். பிள்ளை இல்லாவிட்டாலும் பெயர் அதுதான். அதை மாற்ற எங்களுக்கு வழக்கம் இல்லை. நானும் என் மனைவியும் பக்கத்து முற்றத்தில் பயறு உடைத்துக்கொண்டிருந்தோம்.

அவள் எதுவும் சொல்லும் முன்பே ஊக்கைக் கழற்றிப் போர்வையைக் கீழே விட்டாள். சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மாந்துவா குனிந்து பார்த்தாள், முதுகில் காதை வைத்தாள்.

"வெறும் சளிதான்," என்றாள். ஓர் இலைக் கொத்தைக் கிள்ளி அவளிடம் நீட்டினாள்.

மாபாலேசா வாங்கிக்கொண்டாள். போகவில்லை.

"ம்மே, அன்னைக்கு அவ பால் குடிக்கல."

மாந்துவா நிமிர்ந்தாள்.

"காலைலேர்ந்தே குடிக்கல. அத்தை குடிச்சான்னு சொன்னாங்க. நான் எப்படி இல்லன்னு சொல்றது? நீங்க கதவுகிட்ட வந்தீங்க. பலகையில கை வெச்ச சத்தம் கேட்டுச்சு. நான் பாப்பாவோட எழுந்து வந்து தாழ்ப்பாள எடுத்துட்டேன். அத்தை பானைகிட்ட இருந்தாங்க, பாக்கல." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "தள்ளினீங்கன்னா நீங்களா வந்த மாதிரி இருக்கும்னு நின்னேன்."

பயறு உடைத்த கை நின்றுபோய் என் மனைவி என்னைப் பார்த்தாள். மாந்துவா குனிந்து போர்வையை எடுத்து உதறி அந்தப் பெண்ணின் தோளில் போர்த்தினாள். ஊக்கை மாட்டும்போது கை நின்றது. அவள் முகத்தைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள்.

"நாள் தள்ளிப் போயிருக்கா?"

மாபாலேசா தரையைப் பார்த்தாள். "ரெண்டு மாசம். அத்தைகிட்ட இன்னும் சொல்லல."

"அந்த இலையக் குடு."

"மூக்கு அடச்சிருக்கே ம்மே."

"அடச்சிருக்கட்டும். வெறும் வெந்நீர்ல ஆவி புடி. தானா போயிடும்." கையைப் பிரித்து இலைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

மாபாலேசா வாசல் வரை போய்த் திரும்பினாள். "அடுத்த தடவ நாணல் வெக்கறப்ப நீங்க வருவீங்கதானே? இப்பக் கறுப்பு இல்லையே."

"இப்ப இல்ல," என்றாள் மாந்துவா.

அந்தப் பெண் பாதையில் இறங்கிப் போனாள். சூரியன் மலையை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் போக வேண்டிய கட்டாயம் இப்போது மாந்துவாவுக்கு இல்லை. சுவரோரம் உட்கார்ந்தாள். கையிலிருந்த இலைகளைக் கீழே போடவும் இல்லை, கூடையில் வைக்கவும் இல்லை. இருட்டி, நாங்கள் பயறை அள்ளிக்கொண்டு உள்ளே போகும்போதும் அந்தக் கசப்பு மணம் வந்துகொண்டிருந்தது.